தலைவலிக்கென்று ஒரு கிளினிக்: போகிறவர் எதை எதிர்பார்க்கலாம்?



இம்முறை மருத்துவப் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது தலைவலி. "இதில் என்ன பாடம் இருக்கிறது? ஒரு மாத்திரை போட்டால் போகிற காரியந்தானே" என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைத்தே பதினைந்து வருடங்களைக் கழித்துவிட்ட ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம். அவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவரைப் போன்ற பலருடைய அனுபவமும் இதில் சேர்ந்திருக்கிறது.

அவர் கிணத்துக்கடவு காய்கறிச் சந்தையில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை செய்கிறவர். விடியுமுன் எழுந்து ஓடவேண்டும். காலைச் சாப்பாடு பதினொரு மணிக்குத்தான். திருமணமான புதிதில் மாதத்துக்கு இரண்டு முறை ஒரு பக்கத் தலை விண் விண்ணென்று தெறிக்கும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. இருட்டு அறையில் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தால் மறுநாள் எழுந்துவிடுவார். பிறகு பெட்டிக்கடை மாத்திரை பழகிற்று. முதலில் வலி வந்தால் ஒன்று. அப்புறம் வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்று. கடைசியில் காலை டீயோடு தினமும் இரண்டு. "வேலைக்குப் போகணுமுங்களே" என்பது அவர் சொன்ன காரணம். தலைவலியோ மாதத்துக்கு இரண்டு நாள் என்பது போய் இருபத்தைந்து நாளாகிவிட்டது.

வீட்டாருக்குப் பயம் பிடித்தது. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று தோட்டை அடகு வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் மட்டும் அழுதார். "ஒண்ணுமே இல்லைன்னு சொல்லீட்டாங்க. அப்போ இந்த வலி எங்கிருந்துங்க வருது? நான் பொய்யா சொல்றேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற இடந்தான் தலைவலிக்கென்று நடத்தப்படும் கிளினிக். அங்கே போகிறவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது, அவரை அனுப்பிவைக்கிற நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. தலைவலி ஒன்றல்ல

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது நம் பழமொழி. வெளியே காயம் தெரியாத நோய் என்பதால் பிறருக்கு அது பெரிதாகப் படுவதில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்லுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று 2,329 பேரை விசாரித்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு 64 பேருக்குத் தலைவலி வந்திருந்தது. நூற்றுக்கு 25 பேருக்கு இருந்தது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடத்திலும் அதிகம். உலக அளவில் மனிதரை முடக்கிப்போடும் நோய்களை 2016ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது மைக்ரேன் இரண்டாம் இடத்தில் வந்தது. உயிரைப் பறிக்காது, ஆனால் வாழும் நாட்களைப் பறித்துக்கொள்ளும்.

தலைவலியை மருத்துவர்கள் முதலில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, வேறொரு நோயின் அடையாளமாக வருவது. மூளைக்காய்ச்சல், இரத்தக் கசிவு, கட்டி, இரத்தம் உறைதல், கண் அழுத்தம் போன்றவற்றால் வருவது இவ்வகை. மற்றொன்று, தலைவலியே நோயாக இருப்பது. பெரும்பாலோருக்கு இருப்பது இந்த இரண்டாம் வகைதான். அதில் முக்கியமானவை மூன்று.

மைக்ரேன்: பெரும்பாலும் ஒரு பக்கம் தெறிக்கும். இரு பக்கமும் வருவதுண்டு. மருந்து இல்லாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நிற்கும். குமட்டல், வாந்தி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை சேர்ந்து வரும். நடந்தால், படியேறினால் கூடும். சிலருக்கு வலி வருமுன் கண்முன் மின்னுகிற கோடுகள் தோன்றி ஒரு மணி நேரத்துக்குள் மறையும்.

இறுக்கத் தலைவலி: தலையைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கினாற்போல் இரு பக்கமும் அழுத்தும். வாந்தி இராது. வேலையைச் செய்துகொண்டே தாங்கிக்கொள்ளலாம்.

கொத்துத் தலைவலி: அரிதானது, ஆனால் மிகக் கொடியது. ஒரு கண்ணைச் சுற்றி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை குத்தும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும். பெரும்பாலும் ஆண்களுக்கு, பல வேளைகளில் தூக்கத்தின் நடுவே வரும். உட்காரமுடியாமல் அங்குமிங்கும் நடப்பார்கள். இதற்கு முகமூடி வழியாகக் கொடுக்கும் ஆக்சிஜனே நல்ல மருந்து என்பது பலருக்குத் தெரியாது.

"எனக்கு இருப்பது சைனஸ் தலைவலி" என்று சொல்லுகிறவர்களும் நம்மிடையே ஏராளம். அமெரிக்காவில் அப்படிச் சொன்ன 2,991 பேரைச் சோதித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தவை மைக்ரேனின் அடையாளங்களே. மைக்ரேன் வரும்போது மூக்கடைப்பும் கண்ணீரும் வருவதுண்டு. அதனால் இந்தக் குழப்பம். அதுபோலவே, சற்றுக் கூடின இரத்த அழுத்தமும் சாதாரணமாகத் தலைவலிக்குக் காரணமாவதில்லை.

2. தனிக் கிளினிக் எதற்கு?

தலைவலிக்கு மாத்திரை எழுதிக்கொடுக்க எந்த மருத்துவராலும் கூடும். ஆனால் எந்த வகைத் தலைவலி என்று கண்டறிய நேரம் வேண்டும். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளர் பிரிவில் அந்த நேரம் கிடைப்பதில்லை. இந்தக் குறையை உணர்ந்தே 1945இல் நியூயார்க் நகரில் மான்டிஃபியோரி மருத்துவமனையில் தலைவலிக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். பின்னர் பல நாடுகளிலும் இவ்வகைக் கிளினிக்குகள் எழுந்தன. 1988இல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் தலைவலிகளை வகைப்படுத்தி ஒரு பட்டியலை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. இன்று எந்த ஊரில் எந்த நிபுணரிடம் போனாலும் அவர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதற்கு இந்தப் பட்டியலே காரணம்.

நம் நாட்டில் நரம்பு மண்டல மருத்துவத்துக்கு வழி திறந்ததில் மிஷன் மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நன்றியோடு நினைக்கிறோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கின வேலூர் மருத்துவப்பணி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஏற்படுத்தினார். அதுவரை நரம்பு அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு தனித் துறை நம் நாட்டில் இருந்ததில்லை. இன்றோ கோயமுத்தூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர் சேரலாம். அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவையும் எல்லாருக்கும் இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நரம்பியல் துறை உண்டு. கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பலகையில் "தலைவலி கிளினிக்" என்று எழுதியிருக்கவேண்டும் என்பதில்லை. பொறுமையாகக் கேட்கிற நரம்பியல் மருத்துவர் இருக்குமிடம் எதுவும் நமக்குத் தலைவலி கிளினிக்தான்.

3. போகுமுன் செய்யவேண்டியவை

முதலாவது, ஒரு காலண்டர். சபைகளில் வருடப்பிறப்புக்குக் கொடுக்கிற மாதக் காலண்டர் போதும். தலை வலித்த நாளில் ஒரு சிவப்புப் புள்ளி. மாத்திரை போட்ட நாளில் ஒரு நீலப் புள்ளி. படுத்த படுக்கையாகக் கிடந்த நாளானால் சிவப்பு வட்டம். பெண்கள் மாதவிலக்கான நாட்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். பேரப்பிள்ளைகள் உதவுவார்கள். ஒரு மாதக் காலண்டர் மருத்துவருக்குச் சொல்லுகிற செய்தியைப் பத்து ஸ்கேன்களாலும் சொல்லமுடியாது.

இரண்டாவது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. நாட்டு மருந்து, லேகியம், கருத்தடை மாத்திரை எல்லாவற்றையும் காட்டவேண்டும். முன்னறிகுறியோடு மைக்ரேன் வருகிற பெண்கள் சிலவகைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும் என்பதால் இதை மறைக்கக்கூடாது.

மூன்றாவது, பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், கண்ணாடிச் சீட்டு.

நான்காவது, கூட இருந்து பார்த்த ஒருவர். வலி வரும்போது முகம் எப்படி ஆகிறது, பேச்சு குழறுகிறதா என்பது நோயாளியைவிட வீட்டாருக்கே நன்றாகத் தெரியும்.

4. முதல் நாள் என்ன நடக்கும்?

பலர் ஏமாறுகிற இடம் இதுதான். பெரிய மெஷினுக்குள் படுக்கவைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போவார்கள். அங்கேயோ மருத்துவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்.

"எத்தனை வயசுல தொடங்குச்சும்மா? மாசத்துல எத்தனை நாள் வலிக்குது? வலியே இல்லாத நாள் எத்தனை? வலிச்சா படுத்துக்குவீங்களா, நடமாடுவீங்களா? அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படி இருந்துச்சா? காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க? மாத்திரை எத்தனை?"

இந்தக் கேள்விகளே பரிசோதனை. தலைவலியைக் கண்டறிவதற்கு முதன்மையான கருவி நோயாளி சொல்லுகிற வரலாறுதான். ஆகவே வெட்கப்படாமல், குறைத்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். குறிப்பாக மாத்திரைக் கணக்கை.

தூண்டுகிற காரியங்களையும் கேட்பார்கள். வெயில், தூக்கம் கெடுதல், பட்டினி, பஸ்ஸில் டீசல் வாசனை, அதிக மல்லிகைப்பூ, மாதவிலக்கு ஆகியவை பலருக்கு வலியைக் கிளப்பும். தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று நம் பெண்கள் சொல்லும்போது பிறர் சிரிப்பார்கள். மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் டாக்டர் கே. ரவிசங்கர் அப்படிச் சொன்ன 94 நோயாளிகளைக் கவனித்து 2006இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். நம் பாட்டிமார் சொன்னது உண்மையென்று உலகத்து மருத்துவர்கள் அறிந்துகொண்டார்கள்.

பிறகு உடம்பைப் பார்ப்பார்கள். இரத்த அழுத்தம், கழுத்து, கை கால் பலம், நடை எல்லாம் சோதிக்கப்படும். சிறு விளக்குக் கருவியால் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பார்கள். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் கண்ணின் பின்புறமுள்ள நரம்பு வீங்கியிருக்கும். வலியில்லாத, செலவில்லாத இந்தச் சோதனை அந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வரலாறு மைக்ரேனுக்குப் பொருந்தி, உடற்சோதனையும் சரியாக இருந்தால் "ஸ்கேன் தேவையில்லை" என்று மருத்துவர் சொல்லக்கூடும். அது அலட்சியமல்ல. இதை நம் ஊர் மோட்டாரை வைத்து விளங்கிக்கொள்ளலாம். கிணற்று மோட்டார் ஓடும்போது உதறுகிறது. நிறுத்திவைத்துப் போட்டோ எடுத்தால் அந்த உதறல் படத்தில் தெரியுமா? மோட்டார் அழகாகத்தான் இருக்கும். ஸ்கேன் என்பது மூளையின் உருவத்தைக் காட்டும் போட்டோ. மைக்ரேனோ உருவத்தில் உள்ள கோளாறல்ல, ஓட்டத்தில் உள்ள கோளாறு. பிறவியிலேயே சிலருடைய மூளை கூர்மையான உணர்ச்சியுள்ளது. பட்டினியோ வெயிலோ தூண்டும்போது முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு கிளர்ந்து சில இரசாயனப் பொருள்களை வெளிவிடுகிறது. மூளையைச் சுற்றியுள்ள உறை நோகிறது. ஆகவே அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பதில் இதுவே: வலி உண்மை, நோயும் உண்மை. ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது.

5. காத்திராமல் போகவேண்டிய தலைவலிகள்

இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் சூனேம் ஊர்ப் பையன் ஒருவன் அறுப்பு வயலில் தலை நோகிறதென்று தகப்பனிடம் சொல்லுகிறதை வாசிக்கிறோம். அன்று மத்தியானத்துக்குள்ளே அவன் இறந்துபோனான். தலைவலிகளில் சில அப்படிப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிற 108 ஆம்புலன்சைத் தயங்காமல் அழையுங்கள்.

இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலைவலி.

காய்ச்சலும் கழுத்து விறைப்பும் மயக்கமும் சேர்ந்த தலைவலி.

கை கால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு ஆகியவற்றோடு வருவது.

தலையில் அடிபட்ட பின் வருவது. இருசக்கர வாகனத்தில் விழுந்து எழுந்து வந்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது. இருமினால், குனிந்தால் கூடுவது. புற்றுநோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவருக்கு வருவது.

கர்ப்பகாலத்திலும் பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள்ளும் வரும் கடுமையான தலைவலி. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில் இரத்தம் உறைகிற ஆபத்து கூடும். தாய்மாருக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள்.

நம் பகுதிக்குரிய இன்னொன்றையும் சொல்லவேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டை மூளைக்குச் சென்று கூடு கட்டுவதால் வலிப்பும் தலைவலியும் வருவதுண்டு. அந்த முட்டை மலத்தால் அசுத்தமான தண்ணீரிலும் பச்சைக் காய்கறியிலும் வருகிறது. ஆகவே இறைச்சியே தொடாதவருக்கும் இது வரலாம். கையையும் காய்கறியையும் நன்றாகக் கழுவுவதே காவல். இப்படிப்பட்ட சந்தேகம் வரும்போது மருத்துவர் ஸ்கேன் எழுதுவார். அப்போது தள்ளிப்போடக்கூடாது.

6. மருந்துகள் இருவகை

வலி வந்தபின் அதைத் தணிக்கிற மருந்து ஒன்று. வராமல் காக்கிற மருந்து மற்றொன்று. இந்த வேறுபாடு தெரியாததாலேயே பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்.

தணிக்கும் மருந்துகளில் பாராசிட்டமால், நாப்ராக்சன் போன்ற வலிநிவாரணிகளும், மைக்ரேனுக்கென்றே 1990களில் புழக்கத்துக்கு வந்த சுமட்ரிப்டான் வகை மருந்துகளும் உண்டு. வலி தொடங்கியதும் போட்டால்தான் பலன். முற்றியபின் போட்டால் வாந்தியில் போய்விடும். சுமட்ரிப்டான் இருதய நோயாளிகளுக்கு ஆகாது.

காக்கும் மருந்துகளில் புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், புளூனரிசின், டோபிராமேட் முதலியவை உண்டு. இவற்றில் சில இரத்த அழுத்தத்துக்கும், சில மனச்சோர்வுக்கும், சில வலிப்புக்கும் கொடுக்கப்படுபவை. சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் "இது வலிப்பு மாத்திரையாச்சுங்களே" என்று சொன்னவுடன் பயந்து நிறுத்திவிட்டவர்களை நாங்கள் அறிவோம். தலைவலிக்கும் அவை பயன்படும் என்பதை முன்பே விளக்கினால் இந்தப் பயம் வராது. ஆஸ்துமா உள்ளவர் புரோப்ரனலால் சாப்பிடக்கூடாது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் திருமணம், கர்ப்பம் பற்றி மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். வால்புரோயேட், டோபிராமேட் போன்றவை வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. எந்த மருந்தையும் அடுத்த வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்கவேண்டாம்.

மைக்ரேனைத் தூண்டும் இரசாயனத்தையே தடுக்கிற ஊசி மருந்து 2018இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விலை அதிகம். பழைய மருந்துகளே இன்னும் பலருக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

1893இல் பிறந்த அமிர்தாஞ்சனம் முதல் நம் வீட்டுத் தைலங்களை எல்லாரும் கேட்பார்கள். தடவினால் சுகமாயிருந்தால் தடவிக்கொள்ளலாம். நோயை மாற்றாது, பெரிய தீங்கும் செய்யாது.

தீங்கு செய்வது எது? இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையையும் சுமட்ரிப்டான் வகையையும் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் வலி. செக்குமாட்டுச் சுற்று. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் கூடவே வரலாம். காலண்டரில் நீலப் புள்ளிகளை எண்ணச் சொல்லுவது இதற்காகவே.

இந்தச் சுற்றை அறுக்க வழி அந்த மாத்திரையை நிறுத்துவதே. நிறுத்தினால் முதல் சில நாட்கள், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி முன்னைவிடக் கூடும். அதற்குப் பிறகே தணியும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் நாளே கடைக்கு ஓடிவிடுவார். எந்த மருந்தை உடனே நிறுத்தலாம், எதைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்று மருத்துவரே சொல்லவேண்டும்.

7. எதை எதிர்பார்க்கக்கூடாது?

ஒரே நாளில் குணம் எதிர்பார்க்கக்கூடாது. காக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று அறியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள். பிடித்தபின் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரவேண்டியிருக்கும்.

அடியோடு போய்விடும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. மாதத்துக்கு எட்டு நாள் வந்தது நான்காகக் குறைந்தால் மருத்துவர்கள் அதை வெற்றி என்பார்கள். கேட்பதற்குச் சிறிதாயிருக்கலாம். தினக்கூலிக்குப் போகிற வீட்டில் மாதத்துக்கு நான்கு நாள் கூலி திரும்பக் கிடைப்பது சிறிதல்ல.

மருந்தோடு போதும் என்றும் எண்ணக்கூடாது. நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே நேரத்தில் தூக்கம், தண்ணீர், தினமும் சிறிது நடை ஆகியவை மருந்தில் பாதி. கல்குவாரியிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்கிறவர்கள் தலைக்குத் துண்டு கட்டாமல் வெயிலில் நிற்கவேண்டாம். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு இட்லியாவது ஒரு வாழைப்பழமாவது உண்டுவிட்டுப் போகவேண்டும்.

8. நாம் என்ன செய்யலாம்?

"ஒரு மெஷின் வாங்கித் தரட்டுமா?" என்று அன்பாய்க் கேட்கிற நண்பர்கள் உண்டு. மெஷினுக்கும் தேவை உண்டு. ஆனால் தலைவலிக்காரருக்கு அதைவிடத் தேவையானது ஒரு மருத்துவரின் நாற்பது நிமிடமும், இரண்டாம் முறை வருவதற்கான பஸ் செலவுமே. முதல் முறை எப்படியாவது வந்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை வரும்போதுதான் மருந்து பிடித்ததா என்று தெரியும். அந்த முறைக்கு வருவதற்குள் கூலி போகுமே என்று நின்றுவிடுகிறார்கள். போட்டோ எடுத்து மாட்டமுடியாத, பெயர் பொறிக்கமுடியாத உதவி இது. ஆனால் குணமாவதும் ஆகாததும் பல வேளைகளில் இங்கேதான் முடிவாகிறது.

சபையிலும் செய்யக்கூடியது உண்டு. உபவாச ஜெபத்தில் நெடுநேரம் பட்டினியிருந்து தலைவலியோடு வீட்டுக்குப் போகிற சகோதரிகள் இருக்கிறார்கள். இது விசுவாசக் குறைவல்ல, உடம்பின் அமைப்பு. அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் ஆகாரம் எடுத்துக்கொள்ளப் போதகரும் மூப்பர்களும் தாங்களே முன்வந்து சொன்னால் அவர்களுக்குக் குற்றவுணர்வு இராது. வேலை செய்யாதிருக்கத் தலைவலியைச் சாக்கு சொல்லுகிறாள் என்று மருமகளைப் பேசுகிற வீடுகளில் இந்தப் பாடத்தை உரக்க வாசியுங்கள்.

அந்தச் சந்தைச் சகோதரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அவர் ஸ்கேன் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் காலண்டரைக் கேட்டார். நீலப் புள்ளிகளை எண்ணிவிட்டு, "உங்க வலி நிசந்தாம்மா. ஆனா பாதி வலிய இந்த மாத்திரையே குடுக்குது" என்றார். மாத்திரையை நிறுத்தின முதல் வாரம் மிகவும் கஷ்டப்பட்டார். அக்கம்பக்கத்தார் இருவர் அவர் வீட்டில் சமைத்துப் போட்டார்கள். மூன்றாம் மாதக் காலண்டரில் சிவப்புப் புள்ளிகள் ஐந்து. தலைவலி போய்விடவில்லை. ஆனால் அவர் சொன்னது இது: "ஐஞ்சு நாள் வலிக்குதுங்க. மிச்ச இருபத்தஞ்சு நாளு எனக்குத் திரும்பிக் கெடச்சுதுங்க." அடகு வைத்த தோட்டை இன்னும் மீட்கவில்லை. மீட்டுவிடுவேன் என்கிறார்.

கலந்து பேசச் சில கேள்விகள்

1. நம் வீட்டில் மாதத்துக்கு எத்தனை நாள் வலி மாத்திரை போடப்படுகிறது? யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

2. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தவரிடம் நாம் என்ன சொல்லுகிறோம்?

3. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய தலைவலிகளில் நான்கைப் பார்க்காமல் சொல்லமுடியுமா?

4. நம் சபையில் ஒருவரின் இரண்டாம் பயணத்துக்கு யார் துணை போவார்கள்?

பழைய காலண்டர் ஒன்று வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் இரண்டு நிறப் பேனாவோடு கொடுங்கள். அடுத்த மடலில் மறுபடியும் சந்திப்போம்.